முதலில் மண்ணைச் சுத்தம் செய்யுங்கள், எண்ணெய் எடுப்பதை அப்புறம் பேசலாம்

நைஜீரிய அதிபர் போலா டினுபு 2025 ஜூன் 12 அன்று, எண்ணெய் எடுக்கும் நைஜர் டெல்டாவில் வாழும் ஓகோனி இன மக்களுக்காகப் போராடிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவுக்கும் அவரோடு தூக்கிலிடப்பட்ட எட்டுப் பேருக்கும் மன்னிப்பு அறிவித்தார். கூடவே தேசிய விருதும் கொடுத்தார். "முப்பது வருஷம் கழித்தாவது மனசு வந்ததே" என்று பலர் அந்தச் செய்தியைப் பகிர்ந்திருந்தார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குற்றம் செய்தவருக்குத்தான் மன்னிப்பு. இவர்கள் செய்த குற்றம் என்ன? 1994 மே 21 அன்று ஓகோனித் தலைவர்கள் நான்கு பேரை ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. கொடூரமான கொலை. அந்தக் குடும்பங்களின் துக்கத்தை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அன்றைக்கு சாரோ-விவா அந்த இடத்திலேயே இல்லை; ராணுவம் அவரை வழிமறித்துத் திருப்பி அனுப்பியிருந்தது. சானி அபாச்சாவின் ராணுவ அரசு தனித் தீர்ப்பாயம் ஒன்றை அமைத்தது. மேல்முறையீட்டுக்கு வழியே கிடையாது. சாட்சி சொன்னவர்களில் சிலர், காசு வாங்கிக்கொண்டு பொய் சொன்னதாகப் பின்னால் எழுதிக் கொடுத்தார்கள். 1995 நவம்பர் 10 அன்று போர்ட் ஹார்கோர்ட் சிறையில் ஒன்பது பேரையும் தூக்கில் போட்டார்கள். அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் மன்னிப்பு கொடுத்தால், தீர்ப்பு சரிதான் என்று ஆகிவிடாதா?

இதே நாட்டில் இன்னொருவருக்கும் மன்னிப்பு கிடைத்தது. எண்ணெய் வளம் கொழிக்கும் பயெல்சா மாநில ஆளுநராக இருந்த அலமியெசெய்கா 2005இல் லண்டனில் பணமோசடி வழக்கில் கைதானார். அங்கிருந்து தப்பி ஊருக்கு ஓடினார், பதவி பறிபோனது, 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். 2013இல் அவரை மன்னித்தவர், ஒரு காலத்தில் அவருக்குத் துணை ஆளுநராக இருந்த அதிபர் குட்லக் ஜொனாதன். மக்கள் பணத்தைத் திருடியவருக்கு 2013இல் கிடைத்தது, மக்களுக்காகப் பேசியவருக்கு 2025இல்தான் கிடைத்தது. அதுவும் அதே அதிபர் முத்திரையோடு.

சரி, ஏன் இப்போது? எண்ணெய் எடுப்பால் தங்கள் நிலம் பாழாவதை எதிர்த்து, ஓகோனி மக்கள் 1993 ஜனவரி 4 அன்று லட்சக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். அந்த ஆண்டே, அங்கே எண்ணெய் எடுத்துவந்த ஷெல் நிறுவனம் வெளியேறியது. அதற்குப் பிறகு ஓகோனி மண்ணில் எண்ணெய் எடுக்கவில்லை. அரசுக்கோ பணம் வேண்டும், கிணறுகளோ சும்மா கிடக்கின்றன. 2025இல் ஓகோனித் தலைவர்களோடு அரசு நடத்திய பேச்சுகளில் மறுபடி எண்ணெய் எடுப்பதும் முக்கியமான விஷயம். மன்னிப்பும் எண்ணெய்ப் பேச்சும் கைகோத்து வந்தால் எந்த ஊர்க்காரனுக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அந்த மண் எப்படி இருக்கிறது என்பதற்கு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2011இல் வெளியிட்ட ஆய்வே சாட்சி. நிசிசியோகென் ஓகாலே என்ற ஊரில் மக்கள் குடித்துவந்த கிணற்று நீரில் பென்சீன் இருந்தது. புற்றுநோயை உண்டாக்கும் பொருள் அது. உலக சுகாதார நிறுவனம் சொன்ன வரம்பைப் போல 900 மடங்குக்கும் மேல். நிலத்தடி நீரின் மேல் 8 சென்டிமீட்டர் தடிமனுக்கு எண்ணெய் மிதந்தது. உங்கள் வீட்டுக் கிணற்றில் நாலு விரற்கடை உயரத்துக்கு எண்ணெய் மிதக்கிறது, அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் ஓடுவது அரசு எண்ணெய் நிறுவனத்தின் குழாய், ஷெல்லுடையது அல்ல. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிலத்தில் எண்ணெய் எடுத்துவந்த ஷெல் கூட்டு நிறுவனத்தில் அரசின் பங்கு 55 சதவீதம், ஷெல்லின் பங்கு 30. கேள்வி கேட்க வேண்டிய அரசே பெரிய பங்குதாரர். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

முழுதாகச் சுத்தம் செய்ய 25 முதல் 30 ஆண்டுகள் ஆகும், தொடக்கத்துக்கே 100 கோடி டாலர் வேண்டும் என்றது அந்த அறிக்கை. தொடக்க விழா நடந்தது 2016இல், மண்ணில் கைவைத்தது 2019இல். அறிக்கை வந்த ஆண்டு பிறந்த குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் விழாவே நடந்தது.

போடோ என்ற ஊரின் கதையையும் சொல்லியாக வேண்டும். கிட்டத்தட்ட 69,000 பேர் வாழும் ஊர், மீன்தான் பிழைப்பு. 2008இல் இரண்டு முறை குழாய் உடைந்து, கழிமுகமும் அலையாத்திக் காடும் கறுத்துப்போயின. குழாயின் கோளாறுதான் காரணம் என்று ஷெல்லே ஒப்புக்கொண்ட விபத்து அது. நிவாரணமாக முதலில் வந்தது என்ன தெரியுமா? 50 மூட்டை அரிசி, 50 மூட்டை பீன்ஸ், 50 மூட்டை மரவள்ளி மாவு. அத்தனை ஆயிரம் பேருக்கு! மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இதைப் பதிவு செய்திருக்கிறது. ஊர்க்காரர்கள் லண்டனுக்கே போய் வழக்குப் போட்டார்கள். 2015இல் 5.5 கோடி பவுண்டுக்கு ஷெல் இறங்கிவந்தது. அரிசி மூட்டைக்கும் அந்தத் தொகைக்கும் நடுவில் இருந்தது அந்த மக்களின் பிடிவாதம் மட்டும்தான்.

"ஆப்பிரிக்காவில் எங்கே எண்ணெய் கிடைத்தாலும் சண்டைதான், அது சாபம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். இல்லை. இது சட்டம் போட்டுச் செய்த வேலை. 1960இல் நைஜீரியா விடுதலை அடைந்தபோது, ஒரு பகுதியில் கிடைக்கும் கனிம வருவாயில் 50 சதவீதம் அந்தப் பகுதிக்கே. வடக்கின் நிலக்கடலையும் மேற்கின் கோகோவும் நாட்டுக்குச் சோறு போட்ட காலத்தில் அந்தந்தப் பகுதி தன் பங்கை எடுத்துக்கொண்டது, யாரும் குறை சொல்லவில்லை. இஜாவ், ஓகோனி போன்ற சிறிய இனங்களின் நிலத்திலிருந்து எண்ணெய் வருவாய் பெருகியதும், ராணுவ அரசுகள் அந்தப் பங்கைக் குறைத்துக்கொண்டே வந்தன. 1980களில் அது 1.5 சதவீதம். எண்ணெய் முழுக்க அரசுக்குச் சொந்தம் என்றது 1969ஆம் ஆண்டுச் சட்டம். நிலத்தின் பிடியும் அரசிடம் என்றது 1978ஆம் ஆண்டுச் சட்டம். 1999 அரசியலமைப்பு 13 சதவீதத்துக்குக் குறையாமல் என்று ஏற்றியது. அந்தப் பணமும் ஆளுநர்களின் கைக்குப் போனதே தவிர, கிராமத்துக்கு எத்தனை வந்தது? டெல்டா மாநில ஆளுநராக இருந்த ஜேம்ஸ் இபோரி 2012இல் லண்டனில் 13 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர்.

அகிம்சை வழியில் போனவரைத் தூக்கில் போட்டால், அடுத்த தலைமுறை துப்பாக்கி எடுக்கும். எடுத்தது. 2006இலிருந்து மெண்ட் இயக்கத்தினர் குழாய்களைத் தகர்த்தார்கள், வெளிநாட்டு ஊழியர்களைக் கடத்தினார்கள். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் 2009இல் அரசு அவர்களோடு உட்கார்ந்து பேசி மாதச் சம்பளமே கொடுத்தது. குழாய்க் காவல் ஒப்பந்தம்கூடப் பிற்பாடு பழைய ஆயுதக்குழுத் தலைவர் ஒருவரின் நிறுவனத்துக்கே போனது. மனு கொடுத்தவனுக்குக் கயிறு, குழாயை உடைத்தவனுக்கு ஒப்பந்தம் என்றால் இளைஞர்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

எண்ணெய்த் திருட்டு இன்றும் நடக்கிறது. கசிவுகளில் பெரும்பாலானவை திருட்டாலும் நாசவேலையாலும்தான் என்கிறது ஷெல். அதில் உண்மை உண்டு. காட்டுக்குள் டிரம்மில் கச்சா எண்ணெயைக் காய்ச்சும் அடுப்புகளை அங்கே 'க்போ ஃபயர்' என்பார்கள். வளைகுடாவில் என்னோடு வேலை பார்த்த போர்ட் ஹார்கோர்ட்காரர் ஒருவர் சொல்வார்: காலையில் வீட்டைத் துடைத்துவிட்டு மதியம் வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்கால் கறுத்துவிடும், வெள்ளைச் சட்டையைக் கொடியில் காயப்போடவே முடியாது என்று. 2016 கடைசியிலிருந்து அந்த நகரத்தின் மேல் கரி விழுகிறது. அடுப்பு மூட்டும் பையனைக் கைது செய்கிறார்கள்; அவன் காய்ச்சும் எண்ணெயை மொத்தமாக வாங்குபவர்கள், கண்டும் காணாமல் விடும் சீருடைக்காரர்கள் பக்கம் விசாரணை போவதே அபூர்வம்.

இப்போது ஷெல் மூட்டை கட்டிவிட்டது. 2025 மார்ச்சில் நிலப்பகுதித் தொழிலை 240 கோடி டாலர் வரை மதிப்புள்ள ஒப்பந்தத்தில் ரெனைசன்ஸ் என்ற கூட்டமைப்புக்கு விற்றுமுடித்தது. ஆழ்கடல் எண்ணெயை விடவில்லை; அங்கே ஊரும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. விற்ற சில நாளில் போடோ அருகே குழாய் தீப்பிடித்தது. மறுநாளே, ஆளுநர் ஃபுபாராவுக்கும் முன்னாள் ஆளுநர் வைக்கேவுக்கும் நடந்த அதிகாரப் போட்டியைக் காரணம் காட்டி, ஓகோனி நிலம் அடங்கிய ரிவர்ஸ் மாநிலத்தில் நெருக்கடி நிலை அறிவித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை ஆறு மாதம் முடக்கினார் டினுபு. இரண்டு தலைவர்கள் மோதிக்கொண்ட எத்தனையோ மாதங்களில், ஓகாலே கிணறு பற்றி ஒரு வார்த்தை காதில் விழவில்லை.

நைஜீரியக் கச்சா எண்ணெயை அதிகம் வாங்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்த எண்ணெயில் ஒரு பங்கு நம் வண்டிகளிலும் எரிந்திருக்கிறது. அதனால் எனக்கென்ன என்று என்னால் இருக்க முடியவில்லை.

ஓகாலே, பில்லே ஊர்க்காரர்கள் ஷெல்மீது லண்டனில் தொடுத்த வழக்கில், பழைய மாசுக்கும் பொறுப்புக் கேட்கலாம் என்று 2025 ஜூனில் நீதிபதி சொல்லியிருக்கிறார். முழு விசாரணை 2027இல். அது முடியும்வரை ஓகோனியில் ஒரு கிணற்றையும் திறக்கக் கூடாது என்பதே என் கருத்து. விற்ற பணத்திலிருந்து சுத்திகரிப்புக்கான தொகையைத் தனிக் கணக்கில் எடுத்து வைக்க வேண்டும். அதன் சாவியைத் தலைநகர் அபுஜாவில் இருக்கும் மத்திய அரசிடமும் கொடுக்கக் கூடாது, ஆளுநரிடமும் கொடுக்கக் கூடாது. ஒன்பது பேர் மீதான தீர்ப்பை நீதிமன்றமே ரத்து செய்ய வேண்டும். இத்தனையும் நடந்த பிறகு, எண்ணெய் வேண்டுமா வேண்டாமா என்று ஓகோனி மக்களிடம் கேட்கட்டும். வேண்டாம் என்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளட்டும்.