பிரியாணி இல்லாத மாநாடு

(மேற்கு மாம்பலத்தில் ஒரு தெருமுனை, இஸ்திரி வண்டி, திங்கட்கிழமை காலை.)

அக்கா: சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆளையே காணோம். இன்றைக்கு இவ்வளவு நீளமான கறுப்புத் துணியைக் கொண்டுவந்து நீட்டுகிறீர்களே தம்பி, மலைக்குப் போய்வந்தீர்களா?

கார்த்திக்: இல்லை அக்கா, மாநாட்டுக்குப் போயிருந்தேன்.

அக்கா: அதை முதலில் சொல்லக் கூடாதா? தலைக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?

கார்த்திக்: யாரும் கொடுக்கவில்லை. நான்தான் 1,500 ரூபாய் கொடுத்து, இரண்டு நாளுக்கும் டிக்கெட் வாங்கினேன்.

அக்கா: கூட்டம் சேர்க்கக் காசு கொடுப்பார்கள் என்பது தெரியும், கூட்டமே காசு கொடுத்துச் சேருகிறது என்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். போகட்டும், பிரியாணியாவது போட்டார்களா?

கார்த்திக்: இது கட்சி மாநாடு இல்லை அக்கா. வேற்றுக்கிரகம், எந்திர மனிதன், காலப் பயணம் என்று அறிவியல் புனைகதைகளைத் தேடித் தேடிப் படிக்கிறவர்களும் பார்க்கிறவர்களும் ஒன்றுகூடுகிற ரசிகர் மாநாடு. அந்தக் கதைகளில் வருகிறவர்களைப் போலவே வேடம் கட்டிக்கொண்டு போவோம். இந்தத் துணி என் மேலங்கி. பிரியாணி விற்றார்கள், 350 ரூபாய்.

அக்கா: வேடத்தையும் நீங்களே கட்டி, காசையும் நீங்களே கொடுத்து, பிரியாணியையும் நீங்களே வாங்கிச் சாப்பிட்டீர்களா? எங்கள் ஊரில் கூத்துக் கட்டுகிறவருக்கு டீயாவது வாங்கிக் கொடுப்பார்கள்.

(சாட்டின் துணியில் சூட்டை நேராக வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பழைய பருத்தி வேட்டி ஒன்றை அதன்மேல் விரித்து, தண்ணீர் தெளித்து, பெட்டியை மெல்ல ஓட்டுகிறார். அந்த மேலங்கிக்கு அந்த வாரம் கிடைத்த ஒரே மரியாதை அது.)

கார்த்திக்: கேலி செய்யாதீர்கள், இதற்குப் பெரிய வரலாறே இருக்கிறது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக மாநாடு நடந்தபோது சுமார் 200 பேர் வந்தார்கள். அவர்களில் ஃபாரஸ்ட் அக்கர்மன் என்ற ரசிகர் எதிர்கால மனிதனைப் போல உடுத்திக்கொண்டு வந்தார்; இன்று நாங்கள் கட்டுகிற வேடங்களுக்கெல்லாம் அதுதான் தொடக்கம் என்பார்கள்.

அக்கா: அந்த உடையைத் தைத்தது யார்?

கார்த்திக்: கூட வந்த மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண். தமக்கும் ஒன்று தைத்து அணிந்திருந்தார்.

அக்கா: நான் கேட்காவிட்டால் அந்தப் பெயர் உங்கள் வாயில் வந்திருக்குமா?

கார்த்திக்: அதை விடுங்கள். அங்கே ஒரு தகராறும் நடந்தது. கலகம் செய்வார்கள் என்று பயந்து, ஆறு ரசிகர்களை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அக்கா: முதல் மாநாட்டிலேயே கோஷ்டிப் பூசலா? பிறகு எந்த வாயால் இது கட்சி மாநாடு இல்லை என்கிறீர்கள்? உள்ளே போனவர்களுக்காவது பிரியாணி...

கார்த்திக்: அக்கா!

அக்கா: சரி, இப்போதாவது எல்லாரையும் உள்ளே விடுகிறார்களா?

கார்த்திக்: வாசலில் விட்டுவிடுகிறார்கள். உள்ளேதான் சிக்கல். விண்கலப் படம் போட்ட டி-ஷர்ட் அணிந்துகொண்டு ஒரு கல்லூரிப் பெண் நின்றிருந்தாள். நான்கு பேர் அவளைச் சூழ்ந்துகொண்டு, அந்தக் கலத்தின் பெயர் என்ன, அதை ஓட்டுகிறவன் யார், அது எந்தப் பாகத்தில் வெடிக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில் தெரியாவிட்டால் உண்மையான ரசிகை இல்லையாம். சுஜாதா கதைகளை எல்லாம் படித்திருப்பதாக அவள் சொன்னாள். அது கணக்கில் சேராது, அந்த அம்மாள் தமிழில்தானே எழுதினார் என்று ஒருவன் சொல்லிவிட்டான்.

அக்கா: யார் அந்த அம்மாள்?

கார்த்திக்: அம்மாளே இல்லை. சுஜாதா என்பது மனைவியின் பெயர். எழுதியவர் ரங்கராஜன் என்கிற பொறியாளர். வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு.

அக்கா: பார்த்தீர்களா, சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஓட்டில்தான் வந்து நிற்கிறது! அது சரி, அந்த நான்கு பேரில் நீங்கள் எத்தனையாவது ஆள்?

கார்த்திக்: நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

(பெட்டி சற்று நேரம் ஓடாமல் நிற்கிறது.)

அக்கா: அந்தப் பிள்ளையும் 1,500 ரூபாய் கொடுத்துத்தானே உள்ளே வந்தது?

கார்த்திக்: அலுவலகத்துக்கு நேரமாகிறது அக்கா, போன வாரம் போட்ட நீலச் சட்டையைக் கொடுத்துவிடுங்கள்.

அக்கா: இது உங்கள் சட்டைதானா?

கார்த்திக்: இரண்டு வருடமாக நீங்கள்தானே தேய்த்துக் கொடுக்கிறீர்கள்!

அக்கா: அப்படியானால் சொல்லுங்கள், கையில் இருப்பதையும் சேர்த்து இதில் எத்தனை பொத்தான்?

கார்த்திக்: ஏழா?

அக்கா: ஒன்பது. போன மாதம் மூன்றாவது பொத்தான் தெறித்து விழுந்தபோது, அதை எந்த நிற நூலால் தைத்துக் கொடுத்தேன்?

கார்த்திக்: நீங்களா தைத்தீர்கள்?

அக்கா: உண்மையான சட்டைக்காரர் இப்படிக் கேட்கமாட்டார். சாயங்காலம் நன்றாகப் படித்துவிட்டு வாருங்கள் தம்பி. வரும்போது பிரியாணி வாங்கி வந்தால் ஒரு கேள்வியைக் குறைத்துக்கொள்கிறேன்.