ரஷ்ய சார்ஜர்களை 'அனானிமஸ்' ஹேக் செய்ததா?
2022 பிப்ரவரி இறுதியில் மாஸ்கோ–செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எம்11 நெடுஞ்சாலையில் மின்கார் சார்ஜர்கள் முடங்கி, திரையில் 'உக்ரைனுக்கு மகிமை' என்றும் புடினைத் திட்டியும் வாசகங்கள் ஓடிய வீடியோவை, 'அனானிமஸ்' என்ற ஹேக்கர் குழு பாதுகாப்பை உடைத்து நுழைந்ததாகச் சொல்லி இன்னும் பகிர்கிறார்கள். அது தவறு. சார்ஜர்களை நடத்திய ரோசெட்டி நிறுவனமே கொடுத்த விளக்கம் வேறு: டெண்டரில் ஒரு ரஷ்ய நிறுவனத்திடம் வாங்கியவற்றின் முக்கிய பாகங்கள் உக்ரைன் நிறுவனம் தயாரித்தவை, அந்தத் தயாரிப்பாளர் கன்ட்ரோலரில் (சார்ஜரை இயக்கும் கட்டுப்பாட்டுப் பாகம்) விட்டுவைத்த ரகசிய வழியாக இணையம் மூலமே அவற்றை முடக்கிவிட்டார். இதில் உடைக்க எதுவுமே இல்லை, சாவி ஆரம்பத்திலிருந்தே தயாரிப்பாளர் கையில்!

ஹேக்கர் கதையை நம்பினால் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவோம் என்பதுதான் என் கவலை. சார்ஜர் வாங்குகிறவர் கேட்க வேண்டியது, ஃபர்ம்வேரை (சார்ஜருக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருள்) வெளியிலிருந்து யார் யாரால் மாற்ற முடியும், அந்த அனுமதியை நாம் ரத்து செய்ய முடியுமா என்பதைத்தான்.