எடி ராபின்சன் பெயரை முதலில் சொல்லுங்கள்

ஆகஸ்ட் முடிந்து அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் சீசன் தொடங்கினால் கூடவே ஒரு பட்டிமன்றமும் தொடங்கிவிடும். எல்லாக் காலத்துக்கும் சிறந்த கோச் யார்? நிக் சேபன் என்பார்கள், பால் 'பேர்' பிரையன்ட் என்பார்கள், இன்னும் நாலு பெயர் வரும். அப்புறம் மரியாதைக்குச் சேர்த்ததுபோல எடி ராபின்சன் பெயரைச் சொல்வார்கள். பல வருடமாக எனக்கு இதில் தீராத வருத்தம். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. இந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். இது நம் கால்பந்து இல்லை; இதில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவருக்கு குவார்ட்டர்பேக் என்று பெயர். அது தெரிந்தால் போதும்.

1941 முதல் 1997 வரை லூசியானாவின் வடக்கே கிராம்ப்ளிங் என்ற சிறு ஊரில், ஒரே கல்லூரியில் கோச்சாக இருந்தார் ராபின்சன். போரினால் இரண்டு ஆண்டு ஆட்டம் நின்றுபோனது. மீதி 55 சீசன்களில் 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமன். ஒரே வேலை, ஒரே மனைவி என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவரும் டோரிஸும் மணமுடித்ததும் அதே 1941இல்தான்.

ஆனால் எண்ணை மட்டும் வைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை. அந்த எண் எங்கிருந்து கிளம்பியது என்று பாருங்கள்.

1919இல் பிறந்தவர். அப்பா அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டவர், அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். பேட்டன் ரூஜில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, மெக்கின்லி உயர்நிலைப் பள்ளியின் கோச் தன் ஆட்டக்காரர்களோடு அங்கே வந்ததைப் பார்த்தார். அந்தப் பையன்கள் கோச்சைப் பார்த்த பார்வையைக் கண்டு, நானும் இப்படித்தான் ஆவேன் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார். ஆனால் லேலண்ட் என்ற சிறிய கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடிப் பட்டம் வாங்கியவருக்குக் கிடைத்தது தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலி. கறுப்பர் ஒருவர் கோச் ஆவதென்றால் கறுப்பர் பள்ளியிலோ கல்லூரியிலோதான் ஆக முடியும். அந்த இடங்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

22 வயதில் அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் கல்லூரித் தலைவர் ரால்ஃப் வால்டோ எமர்சன் ஜோன்ஸ். கிராம்ப்ளிங் என்ற பெயரே அந்தக் கல்லூரிக்கு அப்போது கிடையாது. லூசியானா நீக்ரோ நார்மல் அண்ட் இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் என்றிருந்தது. மாதச் சம்பளம் 63.75 டாலர். புல் வெட்டுவது, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, பையன்களின் கணுக்காலுக்குக் கட்டுப்போடுவது, ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்குச் செய்தி எழுதுவது, எல்லாம் அவர் ஒருவரே. உதவிக்கு வந்தவர் கல்லூரியின் இரவுக் காவலாளி! முதல் சீசனில் 3 வெற்றி, 5 தோல்வி. அடுத்த வருடம் ஆடிய ஒன்பது ஆட்டத்திலும் வெற்றி, அதுவும் எதிரணிக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல். அந்த ஒரு வருடத்தில் அவர் பையன்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்திருப்பார் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

அவரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பருத்திக்காட்டுக் கதை. பருத்தி வெடிக்கும் பருவத்தில் அவர் அணியின் இரண்டு பையன்களை அப்பா ஆட்டத்துக்கு அனுப்ப மறுத்துவிட்டார். காட்டில் வேலை கிடக்கிறது, ஆட்டம் என்ன சோறு போடுமா? ராபின்சன் கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. மொத்த அணியையும் அந்தக் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பருத்தி எடுத்து முடித்துக் கொடுத்துவிட்டு, பையன்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு வந்தார். வாரத்துக்கு உழுதவரின் மகனுக்கு அந்த அப்பாவின் கணக்கு புரிந்திருக்கிறது.

வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் வழியில் எந்த ஓட்டலிலும் உட்கார விடமாட்டார்கள். அதனால் சாண்ட்விச் செய்து பேருந்தில் ஏற்றிக்கொண்டு போவார். விடிந்ததும் விடுதியில் மணியடித்துப் பையன்களை எழுப்பி வகுப்புக்கு விரட்டுவதும் அவர்தான். இதையெல்லாம் எந்தப் புள்ளிவிவரப் பட்டியலில் சேர்ப்பது?

அப்புறம் அவர் திறந்துவிட்ட கதவுகள். 1949இல் 'டேங்க்' யங்கர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்தார். கறுப்பர் கல்லூரி ஒன்றிலிருந்து தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லுக்குப் போன முதல் ஆட்டக்காரர் அவர். நீ தோற்றால், அவர்களில் சிறந்தவனையே எடுத்துப் பார்த்தோம், ஒன்றும் தேறவில்லை என்று சொல்லிவிடுவார்கள் என ராபின்சன் அவரிடம் வெளிப்படையாகவே சொல்லி அனுப்பினார். யங்கர் தேறினார், பத்து சீசன் ஆடினார். கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். 1963இல், என்.எஃப்.எல்.லுக்குப் போட்டியாக இருந்த ஏ.எஃப்.எல். லீக்கின் டிராஃப்டில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் கிராம்ப்ளிங்கின் பக் புகானன். மொத்தம் 200 பேருக்கு மேல் அவர் கையிலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள்.

ஆனாலும் ஒரு கதவு மட்டும் இறுகச் சாத்தியே கிடந்தது. கறுப்பர் ஓடலாம், பிடிக்கலாம், மோதலாம். குவார்ட்டர்பேக் ஆக மட்டும் கூடாது. யோசித்து அணியை நடத்தும் இடம் அவர்களுக்கில்லை என்பதுதான் அதன் உள்ளர்த்தம். கல்லூரியில் பந்தெறிந்தவர்களைக்கூட தொழில்முறை அணிகள் வேறு இடத்துக்கு மாற்றிவிடும். ராபின்சன் ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற பையனை நான்கு வருடம் இதற்கென்றே தயார்செய்தார். 1969இல் பஃபலோ பில்ஸ் அணியின் சீசன் முதல் ஆட்டத்தில் ஹாரிஸ் குவார்ட்டர்பேக்காக இறங்கினார். அடுத்து வந்தவர் டக் வில்லியம்ஸ். 1978 டிராஃப்டின் முதல் சுற்றிலேயே அவரை எடுத்தார்கள். பத்து வருடம் கழித்து, 1988 ஜனவரி 31, என்.எஃப்.எல்.லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல். அந்த மேடையில் குவார்ட்டர்பேக்காகத் தொடங்கிய முதல் கறுப்பர் அவர். இரண்டாம் கால்பகுதியில் மட்டும் வில்லியம்ஸ் எறிந்தது நான்கு டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது). அந்தக் கால்பகுதியில் அவருடைய வாஷிங்டன் அணி எடுத்தது 35 புள்ளி. கடைசியில் 42–10. ஆட்டநாயகனும் அவரே. அந்தப் பதினைந்து நிமிட ஆட்டத்தை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

சரி, எதிர்வாதத்துக்கு வருகிறேன். ராபின்சன் பெரிய அணிகளோடு மோதவில்லை, சின்ன கல்லூரிகளை வென்ற கணக்குதான் 408 என்பார்கள். மோதவில்லையா, மோத விடவில்லையா? பிரையன்டின் அலபாமா அணியில் 1970 வரை ஸ்காலர்ஷிப் பெற்ற ஒரு கறுப்பு மாணவர்கூடக் கிடையாது. தெற்கின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பரை வெளியே நிறுத்தியிருந்த காலத்தில் அவர்களை வளர்த்தவர்கள் ராபின்சன் போன்றவர்கள். கதவு திறந்ததும் அதே பல்கலைக்கழகங்கள் பெரிய மைதானம், தொலைக்காட்சி, பணம் எல்லாவற்றையும் காட்டி அந்தப் பையன்களை அள்ளிக்கொண்டு போயின. திறக்கவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் தட்டியவர் அவர்; திறந்ததும் காலியானது அவருடைய வீடு. அதன் பிறகும் வென்றுகொண்டே இருந்தார். 1985 அக்டோபர் 5, டல்லஸ் காட்டன் பவுல் மைதானத்தில் பிரெய்ரி வியூ அணியை 27–7 என்று வென்று 324ஆவது வெற்றியோடு பிரையன்டின் 323ஐத் தாண்டினார். பிரையன்ட் அணியும் ராபின்சன் அணியும் ஒருநாள்கூட எதிரெதிரே நின்றதில்லை. அந்த ஆட்டம் நடக்காமல் போனது ராபின்சனின் குறையா?

இன்னொரு குற்றச்சாட்டு வேறு பக்கத்திலிருந்து வரும். அறுபதுகளில் கறுப்பரின் சம உரிமைக்காக நாடே ஊர்வலம் போனபோது அவர் போகவில்லை, அமெரிக்காவைப் புகழ்ந்தே பேசினார் என்று. உண்மைதான். எனக்கும் அது உறுத்தியதுண்டு. ஆனால் ஹாரிஸை நான்கு வருடம் பிடிவாதமாகக் குவார்ட்டர்பேக்காகவே வைத்திருந்தது என்ன, அடங்கிப்போவதா? ஊர்வலம் போனவர்களின் பெருமையை இது குறைக்காது. ராபின்சனுக்குரியதை ராபின்சனுக்குக் கொடுக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. இத்தனை பேரை அனுப்பிய மனிதரை ஒரு என்.எஃப்.எல். அணியும் தலைமைக் கோச்சாக நியமிக்கவில்லை. நவீன காலத்தில் அங்கே தலைமைக் கோச்சான முதல் கறுப்பர் ஆர்ட் ஷெல். அது 1989. ராபின்சனுக்கு அப்போது 70 வயது.

கடைசி வருடங்கள் நன்றாக இல்லை. 1995இல் 400ஆவது வெற்றி வந்தது. ஆனால் அந்த சீசனையும் சேர்த்துத் தொடர்ந்து மூன்று சீசன் தோல்விக் கணக்கில் முடிந்தன. 400ஓடு நின்றிருக்கலாம் என்று எனக்கும் தோன்றும். 1997இல் விடைபெற்றபோது அவர் இடத்துக்கு வந்தவர் டக் வில்லியம்ஸ்.

அதிக வெற்றி என்ற சாதனையும் கை மாறிவிட்டது. சின்னக் கல்லூரிகளின் பிரிவில் ஜான் காலியார்டி 2003இலேயே 408ஐத் தாண்டினார். முதல் பிரிவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜோ பட்டர்னோ 2011இல் 409 தொட்டார். அவருடைய முன்னாள் உதவிக் கோச் சிறுவர்களிடம் செய்த கொடுமை வெளிவந்ததும் 111 வெற்றிகளை நீக்கினார்கள். 2015இல் திருப்பிக் கொடுத்தார்கள். ராபின்சன் இரண்டாம் இடத்துக்குப் போனார். எனக்கு அந்த ஒரு வெற்றி வித்தியாசம் பெரிதாகப் படவில்லை.

லூசியானாவில் முதுகலை படிக்க இடமில்லாமல் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போய் 1954இல் பட்டம் வாங்கியவர் அவர். 2007 ஏப்ரலில், 88 வயதில், அல்சைமர் நோயோடு வாழ்ந்து இறந்தார். அவர் உடலை பேட்டன் ரூஜில், மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் நடு மண்டபத்தில் மக்கள் அஞ்சலிக்கு வைத்தார்கள். மணிக்கு 25 சென்ட்டுக்கு அவர் வேலை செய்த தீவன ஆலையும் அந்த ஊரில்தான் இருந்தது.