உயரம் மட்டும் கோல் போடாது

இலங்கையின் நெட்போல் (வலைப்பந்து) வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றி யார் எழுதினாலும் முதல் வரி 6 அடி 10 அங்குலம்தான். சரி, இருக்கட்டும். அதற்குக் கீழே "அவ்வளவு உயரம் இருந்தால் யாரும் கோல் போடலாம்தானே" என்று ஒருவர் வந்து எழுதுவார் பாருங்கள், அங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது.

நெட்போலில் பந்து கைக்கு வந்தால் மூன்று வினாடிக்குள் விட்டுவிட வேண்டும். கூடைப்பந்து மாதிரி தட்டிக்கொண்டு ஓட முடியாது. வளையத்துக்குப் பின்னால் பலகையும் இல்லை, பட்டுத் தெறித்து உள்ளே விழும் என்று நம்பி எறிய. ஏழு பேரில் இரண்டு பேருக்குத்தான் கோல் போடும் உரிமை. எதிரணிக்கு இதெல்லாம் தெரியும். முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி நின்று இடம் பிடிக்க விடாமல் நெருக்குவார்கள். அந்த நெருக்கலுக்குள் கால் வைத்து நின்று, மேலே வரும் பந்தைப் பிடித்து, உடம்பை நிதானப்படுத்திப் போட வேண்டும். அதையே நாலு கால்பகுதியும் செய்ய வேண்டும். உயரமானவர் கீழே விழுந்தால் அடியும் பலம்தான், அதை யாரும் எழுதுவதில்லை.

2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அவர் போட்டது 348 கோல். தொடரிலேயே அதிகம். அப்போது அவருக்கு நாற்பது வயது. இலங்கை அணி 16 அணிகளில் 15ஆவது இடம்! அவருக்குப் பந்தை அனுப்புவதைத் தவிர அணியிடம் வேறு திட்டம் இருந்த மாதிரித் தெரியவில்லை. அதற்கு அவர் என்ன செய்வார்? முந்தைய ஆண்டு சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை 69-50 என்று வென்று வந்தபோது ஊரே கொண்டாடியது. 2022இல் மறுபடியும் வென்றார்கள். அப்போதும் வலைக்குக் கீழே நின்றவர் அவரே.

யாழ்ப்பாணத்து ஈவினையில் பிறந்தவர், மெல்பேர்ண் போய் சிட்டி வெஸ்ட் பால்கன்ஸ் அணிக்காக விக்டோரியா லீக்கில் ஆடினார். அது அவுஸ்திரேலியாவின் உச்ச லீக் இல்லை, மாநில அளவிலானது. ஆனாலும் வாராவாரம் பலமான தடுப்பாளர்களோடு மோதும் வாய்ப்பு அங்கேதான் கிடைத்தது. இலங்கையில் அது எங்கே இருக்கிறது? இந்த ஆட்டம் ஒலிம்பிக்கிலும் இல்லை, அதனால் அரசாங்கக் காசும் இந்தப் பக்கம் பெரிதாக எட்டிப் பார்ப்பதில்லை. பாடசாலையில் நன்றாக ஆடும் பிள்ளைகள் ஏராளம். அப்புறம் ஏதாவது வங்கியோ படைப்பிரிவோ வேலை கொடுத்து எடுத்தால் ஆட்டம் தொடரும், இல்லாவிட்டால் கல்யாணத்தோடு சப்பாத்தைக் கழற்றி வைக்க வேண்டியதுதான்.

வலைப்பந்தாட்டச் சங்கத்துக்காரர்கள் இன்னொரு தர்ஜினியைத் தேடுகிறோம் என்று சொல்லும்போது அளவுநாடாவோடு பாடசாலை பாடசாலையாகப் போகிறார்களோ என்று பயமாக இருக்கிறது. அவருக்குப் பந்து வீசிய பிள்ளைகளுக்கு மாதச் சம்பளத்தோடு ஒரு லீக் நடத்துங்கள். உயரமான பிள்ளையைப் பிறகு தேடலாம்.