கேன் தண்ணீருக்குக் கொடுக்கும் காசு எந்தக் கணக்கில் வருகிறது?

சென்னையில் மீட்டர் இல்லாத ஒரு வீடு மெட்ரோ வாட்டருக்கு, அதாவது குடிநீர் வாரியத்துக்குக் கட்டும் மாதக் கட்டணம் நூறு ரூபாயை ஒட்டித்தான் வரும். சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் குடிநீர், கழிவுநீர் வரி என்று தனியாக உண்டு. அது வீட்டுக்கு வீடு மாறும், இப்போதைக்கு விடுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவில் தண்ணீர் வந்தால், நாலு பேர் இருக்கும் குடும்பத்துக்கு மாதம் 16,000 லிட்டர் ஆகிறது. ஆயிரம் லிட்டர் ஆறு ரூபாய் சொச்சம். அதே வீட்டு வாசலில் இறங்கும் 20 லிட்டர் கேன் 35 ரூபாய் என்றால் ஆயிரம் லிட்டர் 1,750 ரூபாய்.

மெட்ரோ வாட்டர் ஐந்து ரூபாய் ஏற்றினால் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் நாள் முழுக்க ரகளை. கேன்காரர் ஐந்து ரூபாய் ஏற்றினால் "சரி, என்ன பண்றது" என்று பர்ஸை எடுப்பார்கள். கட்டணம் கூடட்டும், எல்லா வீட்டுக்கும் மீட்டர் வரட்டும், ஆனால் குழாயில் வருவதை அப்படியே பிடித்துக் குடிக்கிற மாதிரி கொடுங்கள் என்பதுதான் என் கட்சி. இதைச் சொன்னதற்கே என்னைப் பணக்காரர்களின் வக்கீல் என்று ஒருவர் திட்டிவிட்டார்.

குழாய்த் தண்ணீரை நம்ப முடியாது என்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. 2019 நவம்பரில் மத்திய நுகர்வோர் துறை, மாநிலத் தலைநகரங்களின் குழாய்த் தண்ணீரைச் சோதித்து முடிவை வெளியிட்டது. மும்பை எல்லாவற்றிலும் தேறியது. சென்னையில் எடுத்த மாதிரிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. அன்றைக்கு எல்லோரும் திட்டியது சுத்திகரிப்பு நிலையத்தை. செம்பரம்பாக்கத்திலும் புழலிலும் வடிகட்டி, குளோரின் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். கோளாறின் பெரும்பகுதி அதற்குப் பிறகு, நம் தெருவுக்குக் கீழே நடக்கிறது.

நிறைய தெருக்களில் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும். மீதி நேரம் குழாயில் அழுத்தம் இருக்காது. பழைய குழாயில் விரிசல் இல்லாமல் இருக்காது, பக்கத்திலேயே கழிவுநீர்க் குழாயும் போகும். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியே கசியும். அழுத்தம் போனதும் வெளியே இருப்பது உள்ளே வரும். இது போதாதென்று, தெருவில் பாதிப் பேர் மெயின் லைனிலேயே மோட்டாரைப் போட்டு உறிஞ்சுகிறார்கள். அது சட்டப்படி குற்றம் என்று தெரியும், பக்கத்து வீட்டிலும் இருக்கிறது என்றும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. உறிஞ்சுகிற மோட்டார் தண்ணீரை மட்டும் பார்த்துப் பார்த்தா இழுக்கும்?

அப்புறம் அது சம்ப்புக்குள், அதாவது வீட்டின் தரையடித் தொட்டிக்குள் விழுகிறது. எங்கள் சம்ப்பிலிருந்து எட்டடி தள்ளி டிரெயினேஜ் சேம்பர்.

ஆகவே 24 மணி நேரமும் குழாயில் அழுத்தம் இருப்பதைச் சொகுசு என்று ஒதுக்க முடியாது, தரம் வேண்டுமென்றால் முதல் வேலையே அதுதான். ஒடிசாவின் புரியில் 2021 ஜூலை முதல் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்று நாள் முழுக்கக் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வீடு மீட்டர். 'ஜலசாத்தி' என்று சுய உதவிக்குழுப் பெண்கள் வந்து மீட்டரைப் பார்த்து, தண்ணீரை அங்கேயே சோதித்து, பணத்தையும் வாங்கிப் போகிறார்கள். புரி சின்ன ஊர், சென்னை அப்படியா என்று கேட்பீர்கள். சரிதான், நாள் முழுக்கக் கொடுக்க அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது என்பதும் நியாயமான கேள்வி. 2019 கோடையில் நம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை மறக்க முடியுமா? ஆண்டுக்கு 12 டி.எம்.சி. என்று 1983இல் ஆந்திராவோடு ஒப்பந்தம் போட்ட கிருஷ்ணா நீர், 1996இல் வரத் தொடங்கியதிலிருந்து ஒரு வருடம்கூட முழுசாக வந்ததில்லை. ஆனால் மீஞ்சூர், நெம்மேலி, 2024இல் திறந்த நெம்மேலியின் இரண்டாவது ஆலை, இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 35 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் திறன் இப்போது இருக்கிறது. பேரூரில் இன்னும் 40 கோடி லிட்டருக்கு ஆலை கட்டுகிறார்கள்.

இதில் விலைதான் இடிக்கிறது. மீஞ்சூரில் தொடங்கியபோதே ஆயிரம் லிட்டரை 48.66 ரூபாய்க்கு வாங்கினார்கள். அதை நாம் ஆறு ரூபாய் கணக்கில் பிடித்து காரைக் கழுவுகிறோம். இடையில் இருக்கும் பணம் மானியம். அது யாருக்குப் போகிறது? பெரிய சம்ப்பும் மோட்டாரும் வைத்திருப்பவருக்கு. 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளில் லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்பவருக்கு அதில் ஒரு சொட்டுதான். அவர் வேலைக்குப் போகாமல் நிற்கும் நேரத்தையும், வாங்கும் கேனையும் சேர்த்தால் நம்மைவிட அவர்தான் அதிகம் கொடுக்கிறார். முதல் பத்தாயிரம் லிட்டரை இன்றைய விலைக்கே கொடுங்கள், அதற்கு மேல் போனால் தீட்டுங்கள் என்கிறேன். இதில் ஏழைக்கு என்ன நஷ்டம்?

ஆர்.ஓ. மெஷின் விஷயம் தனிக் கூத்து. நெம்மேலியில் ஒரு தடவை ஆர்.ஓ. செய்து அனுப்பிய தண்ணீரை, திருவான்மியூரிலும் வேளச்சேரியிலும் அடுப்படியில் மறுபடி ஆர்.ஓ. செய்து, ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுகிறோம். "பிளீச்சிங் வாடை வருது" என்று புகார் வேறு. வழியில் சேரும் கிருமியைக் கொல்ல, குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். லேசான வாடை வரும் நாளில் நான் நிம்மதியாகக் குடிப்பேன்.

மெட்ரோ வாட்டர் செய்ய வேண்டியதில் சல்லிசான வேலை ஒன்று உண்டு. வாராவாரம் தெருவாரியாகக் குளோரின் எவ்வளவு, மலத்திலிருந்து வரும் ஈ-கோலி கிருமி இருந்ததா என்று சாதாரண மனிதர் பார்க்கும் இடத்தில் போடட்டும். அதைப் பார்த்த பிறகு கேன் வாங்குவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

எங்கள் சங்கத்தின் பொதுக்குழு அடுத்த மாதம் கூடுகிறது. சம்ப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவி, தண்ணீரை லேபுக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். செலவு அதிகம் என்று எதிர்ப்பார்கள். அன்றைக்கு ஒவ்வொரு வீட்டின் கேன் பில்லையும் கையோடு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.