டைட்டானியம் வேண்டாம், தூக்குவாளி எடுத்துப் போங்கள்

ட்ரெக்கிங் போக என்ன பாத்திரம் வாங்கலாம் என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவரிடமும் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: அங்கே போய் என்ன சாப்பிடப் போகிறீர்கள்?

நூடுல்ஸும் காபியும் போதும் என்றால் டைட்டானியம் வாங்குங்கள். வெந்நீர் வைக்க அருமையான பாத்திரம். சோறு, பொங்கல், உப்புமா என்றால் தயவுசெய்து வேண்டாம்.

உத்தராகண்டில் ஹர் கி தூன் என்ற இமயமலைப் பள்ளத்தாக்குக்குப் போனபோது பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சேர்த்து வைத்த பணத்தில் வாங்கிய டைட்டானியம் பாத்திரம், மூடியோடு 130 கிராம். அரிசியும் பாசிப்பருப்பும் போட்டு அடுப்பில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடியில் நடுப்பகுதி மட்டும் கருகிவிட்டது. மேலே அரிசி அரிசியாகவே கிடந்தது. நாள் முழுக்க நடந்து வந்த நானும் நண்பனும் அதைத்தான் தின்றுவிட்டுப் படுத்தோம்.

டைட்டானியத்தைவிட அலுமினியம் ஏறக்குறைய பத்து மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். டைட்டானியத்தில் தீ படுகிற இடம் கருகும், ஓரத்துக்குச் சூடு போய்ச் சேராது. போதாக்குறைக்கு, அங்கே போல 3,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் அதற்குமேல் சூடேறாது. அரிசி வேக வீட்டைவிட அதிக நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் அடிப்பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். "பால் வாங்கற தூக்கு பரண்ல சும்மாதானடா கெடக்கு, அத எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே" என்றார். இறக்கித் துடைத்துச் சமையலறைத் தராசில் வைத்தேன். அலுமினியத் தூக்குவாளி, ஒரு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும், 180 கிராம். இறுக்கமான மூடி, தூக்கிப் பிடிக்கக் கம்பி, எல்லாம் ஏற்கெனவே இருந்தது. மூடியின் பிளாஸ்டிக் குமிழை மட்டும் கழற்றினேன். அந்த ஓட்டை ஆவி போகும் வழியாகிவிட்டது. இறக்குவதற்கு ஒரு சின்ன அலுமினிய இடுக்கி, 60 கிராம். ஆக 110 கிராம் கூடுதல். வெந்த சோற்றுக்காக அதை நான் மனதாரச் சுமப்பேன்.

புதிதாக வாங்குகிறவர்கள் அகலமான அடியுள்ளதாகப் பாருங்கள். ஒடுக்கமான தூக்கில் தீ பக்கவாட்டில் வழிந்து வீணாகும். உங்கள் கேஸ் டப்பாவையும் பர்னரையும் பாத்திரக்கடைக்கே கொண்டுபோய் உள்ளே வைத்துப் பாருங்கள். இரண்டும் அடங்கினால் பையில் இடம் மிச்சம். புளி, தக்காளி மட்டும் சாதாரண அலுமினியத்தில் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். எனக்கு மலையில் பொங்கலும் ரவையும்தான் என்பதால் அது குறையாகத் தெரியவில்லை.

பாத்திரத்தைவிட எனக்குப் பெரிய உதவி செய்தது அதற்குச் செய்த உறை. காருக்குள் வெயில் மறைக்க வைக்கும் வெள்ளித்தாள் திரையை வெட்டி, தூக்கின் அளவுக்கு ஒட்டினேன். பருப்பை மதியமே வாய் அகன்ற டப்பாவில் ஊறப்போட்டு, அதோடு நடப்பேன். மாலையில் அரிசியோடு சேர்த்துக் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, உறைக்குள் அரை மணி நேரம் வைத்துவிட்டால் தன் சூட்டிலேயே வெந்துவிடும். கேஸ் மிச்சம், அடிப்பிடிப்பது இல்லை.

காற்றுக்கு மறைப்பு வைக்கிறோம் என்று கேஸ் டப்பாவையும் சேர்த்துச் சுற்றி மூடிவிடாதீர்கள். டப்பா சூடேறி வெடிக்கக்கூடும். காற்று வரும் பக்கம் மட்டும் மறைத்தால் போதும். இன்னொன்று, சாதா பியூட்டேன் டப்பா உறைபனிக் குளிரில் வேலை செய்யாது, சுழியத்துக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவது நின்றுவிடும். ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்ததாகக் கேட்டு வாங்குங்கள். விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும்.

இதெல்லாம் இமயமலைக்கு. நம் ஊர்க் காப்புக்காடுகளில் நெருப்பு மூட்டுவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீக்கு எத்தனை உயிர்களைக் கொடுத்தோம் என்பது மறக்கக்கூடியதா? இங்கே மலையேறும்போது அடுப்பை வீட்டிலேயே வைத்துவிடுவேன். அம்மா கட்டித்தரும் புளியோதரை போதும், அதுவும் வாழையிலையில்.