கம்பளி போட்ட கோமாளி எழுதுகிறேன்

நம் மலையேற்றக் குழுவின் பக்கத்தில், கோவை வெள்ளியங்கிரி மலையில் எடுத்த என் படத்தின் கீழே நடந்த கேலிக் கூத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சித்திரை மாதத்தில் கம்பளிச் சட்டை போட்ட அந்தக் கோமாளி நான்தான். சிரித்த அனைவருக்கும் நன்றி. ‘அண்ணனுக்குக் காய்ச்சலா?’ என்று கேட்ட தம்பிக்குத் தனி நன்றி. நான் எழுதிய பதிலைக் குழு நிர்வாகி நீக்கிவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

மலையேறுகிறவனுக்கு முதல் எதிரி அவனுடைய வியர்வைதான். நள்ளிரவில் அடிவாரமான பூண்டியில் படியேறத் தொடங்கும்போது யாருக்கும் குளிர்வதில்லை. ஏழு மலைகளில் முதல் மலை தாண்டுவதற்குள் பருத்திச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் முழுக்குப் போட்டுவிட்டு, துவட்டியும் துவட்டாமலும் அதே சட்டையை மாட்டிக்கொண்டு ஏழாவது மலைக் காற்றில் போய் நின்று பாருங்கள். பாறை இடுக்கில் முழங்காலைக் கட்டிக்கொண்டு பல் தந்தியடிக்க உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். இந்த முறை என் படத்துக்குச் சிரித்தவர்களில் ஒருவர், பெயர் வேண்டாம், விடியும் வரை என் கம்பளிச் சால்வைக்குள்தான் இருந்தார்.

பருத்தி நனைந்தால், இழைகளுக்கு நடுவே காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் தேங்கிவிடுகிறது. காற்றை விட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடல் சூட்டைக் கடத்திவிடும் தண்ணீர் அது. கம்பளி இழையோ தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீத ஈரத்தை ஆவியாகவே உள்ளிழுத்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. இழுக்கும்போது சிறிது சூட்டையும் வெளிவிடுகிறது. இழை சுருண்டிருப்பதால் நனைந்தாலும் தட்டையாகப் படியாது. உள்ளே காற்று நிற்கிறது. இதை எத்தனை முறை சொல்வது?

என் தாத்தா குறும்பாடு மேய்த்தவர். ஐப்பசி மழையில் கறுப்புக் கம்பளியின் ஒரு மூலையை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பட்டியில் நிற்பார். மழைத்துளி அதன் மேல் முத்து முத்தாக நின்று, அவர் அசையும்போது உருண்டு விழும். பக்கத்தில் போனால் ஆட்டு வாடை அடிக்கும். உள்ளே கையை விட்டால் கதகதவென்று இருக்கும். அவருக்கு யாரும் விஞ்ஞானம் சொல்லித்தரவில்லை.

‘அரிக்குமே’ என்பீர்கள். தாத்தாவின் கம்பளி அரிக்கும்தான், முரட்டு இழை. நான் போட்டது மெரினோ என்ற ஆட்டினத்தின் மெல்லிய கம்பளி. மனித முடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. மெல்லிய பனியன் போலத்தான் இருக்கும். ‘பாலியஸ்டர் சீக்கிரம் காயுமே’ என்கிறீர்கள். காயும், மறுக்கவில்லை. இரண்டாம் நாள் அந்தச் சட்டையோடு பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவரிடமும் நாற்றம் எப்படி என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ‘ஆடு பாவம்’ என்றவருக்கு: ஆஸ்திரேலியாவில் மெரினோ ஆட்டின் பின்புறத் தோலை அறுத்தெடுக்கும் கொடுமை உண்டு, தெரியும், நியூசிலாந்து 2018இல் அதைத் தடை செய்துவிட்டது. பிரியாணிப் படத்துக்கு நேற்று இதயம் போட்டவர் இதைக் கேட்டதுதான் வேடிக்கை.

‘வெளிநாட்டு மோகம்’ என்று ஒருவர். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமே பாரத் மெரினோ ஆடு வளர்க்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

விலை அதிகம், உண்மை. ஆனால் மார்பில் வெளிநாட்டு முத்திரை குத்திய நெகிழிச் சட்டைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அதைப் போட்டவன் மலையேற்ற வீரன், கம்பளி போட்டவன் ‘ஆட்டுக்காரன்’. ஆம், அந்த வார்த்தையையும் பார்த்தேன். சிரிப்புப் பொம்மை போட்டால் வலிக்காது என்று நினைத்துவிட்டீர்கள். ஆட்டுக்காரன் பேரன்தான். அந்த ஆட்டை விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள்.

நிர்வாகி அவர்களே, அடுத்த பயணத்துக்கான உங்கள் பட்டியலில் இன்னும் ‘பருத்திச் சட்டை, ஜீன்ஸ்’ என்றே இருக்கிறது. நான் வரவில்லை. கட்டிய முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சால்வையை வாங்கிப் போனவரும் துவைக்காமலே திருப்பித் தரலாம். வெந்நீரில் போட்டுச் சுருக்கிவிடப் போகிறார்.